பந்தும் பெட்டியும் பேரனும்

(நமது சங்கத்தின் பெங்களூரு அங்கத்தினர்கள் கூடிய காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியான மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "மாமா, இந்தத் தடவை நீங்கள் பேச வேண்டும், பென்ஷனைப் பற்றி மட்டும் வேண்டாம்" என்று சொன்னார். பென்ஷனை விட்டால் எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். 1971-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தேன். 1973 முதல் 2011 வரை 38 வருஷம் மத்திய அரசில் ஃபைல் பார்த்தேன். இப்போது 74 வயது. காலையில் நடை, பிறகு பேப்பர், மத்தியானம் ஒரு தூக்கம், நாலரைக்குக் காபி. இதில் சொற்பொழிவுக்கு விஷயம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த மத்தியானத் தூக்கத்தில்தான் ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். வீடியோ கேம், பாஸ்கெட்பால், ஆன்லைன் ஆகிய மூன்றையும் பற்றி ஒரு தாத்தாவின் அபிப்பிராயங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நிபுணன் இல்லை. தப்பு செய்து கற்றுக்கொண்டவன்.

நாங்கள் குடியிருப்பது ஜெயநகர் பக்கம், 96 ஃபிளாட் உள்ள ஒரு கட்டடம். அதன் பக்கவாட்டில் பாதி பாஸ்கெட்பால் கோர்ட் ஒன்று உண்டு. ஒரு கம்பம், ஒரு பலகை, ஒரு வளையம், அவ்வளவுதான். கோவிட் காலத்தில் இரண்டு வருஷம் அடைந்து கிடந்த பிள்ளைகள் 2022-ல் வெளியே வந்ததும் அதை விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே 'டப், டப், டப்' என்று ஆரம்பித்துவிடும். என் படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் கீழே. கண் அயர்ந்தால் டப். புரண்டு படுத்தால் டப். எனக்கு மட்டுமல்ல, கீழ்த்தளத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு மாமிக்கும் அந்தச் சத்தம் நிஜமாகவே உபத்திரவமாக இருந்தது.

அந்த வருஷப் பொதுக்குழுவில் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். 38 வருஷம் டிராஃப்ட் எழுதிய கை அல்லவா? ஓட்டையே இல்லாமல் எழுதினேன். மத்தியானம் 1 முதல் 6 வரை பந்து கூடாது. ராத்திரி 7-க்கு மேல் கூடாது. பரீட்சை மாதங்களில் முழுக்கவே கூடாது. மீறினால் அபராதம். ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்குவது நாலரைக்கு. ஆறு மணிக்கு டியூஷன் ஆரம்பம். ஆக, அவர்களுக்கு நான் கொடுத்த நேரம் பூஜ்யம். ஒரு மாதத்தில் பந்துச் சத்தம் நின்றது. ஒரு மழைக்காலத்தில் வலை கிழிந்தது. அடுத்த மழைக்காலத்தில் வளையம் துருப்பிடித்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

2023-ல் பேரனின் பிறந்த நாளுக்கு என் மாப்பிள்ளை ஒரு பிளேஸ்டேஷன் வாங்கிக் கொடுத்தார். அன்று முதல் பிள்ளை அதன் முன்னால்தான். நான் என் கடமையாக, "கண் கெட்டுப்போகும், முதுகு வளைந்துபோகும், நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் வெயிலில் ஓடி ஆடினோம்" என்று தினமும் ஒரு உபன்யாசம் பண்ணினேன். 2024 மே லீவில் ஒரு நாள், அப்போது 12 வயதான அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்.

"தாத்தா, கீழே பந்து ஆடினா சத்தம்னு சொன்னேள். ஆத்துக்குள்ள ஆடினா கண்ணு கெட்டுப்போயிடும்னு சொல்றேள். அப்புறம் நான் எங்கதான் ஆடறது?"

எனக்குப் பதில் வரவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி, "ஏன்னா, குழந்தை கேக்கறதுல என்ன தப்பு?" என்றாள். அதற்கும் பதில் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு காரியம் செய்தேன். திட்டுவதை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது என்ன, எனக்கும் சொல்லேன்" என்றேன். அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், அவன் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. வீடியோ கேம் என்பது ஏதோ ஜப்பான் வியாபாரிகள் நம் குழந்தைகளைக் கெடுக்கக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். ஆதிகால வீடியோ கேம்களில் ஒன்றைச் செய்தவர் நம்மைப்போல அரசாங்க ஸ்தாபனத்தில் வேலை பார்த்த ஒரு பௌதிகக்காரர். அமெரிக்காவில் புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக்கூடம். 1958 அக்டோபரில் பொதுஜனங்கள் வந்து பார்க்கும் நாள். வருகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டக்கூடாதே என்று வில்லியம் ஹிகின்பாதம் என்பவர் ஓர் அனலாக் கம்ப்யூட்டரையும் ஆஸிலோஸ்கோப்பையும் இணைத்து ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்தார். நாம் பி.எஸ்ஸி. லேபில் சைன் அலை பார்த்த அதே ஆஸிலோஸ்கோப்தான். ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டிப் போய் விழுந்து எழும்பும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆட வேண்டும். ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்களாம். அவர் அதற்கு பேடன்ட்கூட வாங்கவில்லை.

1972-ல் ரால்ஃப் பேயர் என்பவரின் கண்டுபிடிப்பு 'மேக்னவாக்ஸ் ஒடிஸி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் முதல் பெட்டி அதுதான். அதில் சத்தம் கிடையாது, கலர் கிடையாது. கலர் வேண்டுமென்றால் டி.வி. கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதே வருஷம்தான் அடாரி கம்பெனியின் 'பாங்' வந்தது. 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம். அதன் நகல்கள்தான் 90-களில் நம் ஊர்க் கடைகளில் குவிந்தன. என் பையனுக்கு நானே எஸ்.பி. ரோடில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் கார்ட்ரிட்ஜ், மேலே ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். அதை அன்றைக்கு நான் கெட்ட வழக்கம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு கன்ட்ரோலர் இருந்தது. ஒன்று அவன் கையில், இன்னொன்று ஆபீஸிலிருந்து வந்ததும் என் கையில். ஆட்டத்தில் நான் இருந்தேன், அதனால் அது வழக்கமாகவே எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் பெங்களூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வீடியோ கேம் தயாரிக்கும் தொழிலை ஆரம்பித்த முன்னோடிக் கம்பெனியான துருவா இன்டராக்டிவ், 1997-ல் இதே ஊரில் தொடங்கப்பட்டது. 2019-ல் அதை ராக்ஸ்டார் என்ற பெரிய கம்பெனி வாங்கித் தன் பெங்களூரு ஸ்டூடியோவோடு சேர்த்துக்கொண்டது. நம் பேரன்கள் ஆடும் ஆட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் வரைந்த மரமும் கட்டடமும் இருக்கின்றன. அதுவும் ஒரு பிழைப்பு, மரியாதையான பிழைப்பு.

அடுத்து பாஸ்கெட்பால். நான் கும்பகோணத்தில் ஆடியது பால் பாட்மின்டன். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் அது. பாஸ்கெட்பால் எனக்குத் தெரியாது. பேரன் பெட்டியில் ஆடுவதோ என்.பி.ஏ. 2கே என்ற பாஸ்கெட்பால் ஆட்டம். கீழே ஆட முடியாததை அவன் மேலே ஆடிக்கொண்டிருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த ஆட்டத்தின் பிறப்பைக் கேளுங்கள். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே கடும் குளிர். வெளியே போய் ஆட முடியாத பிள்ளைகள் உள்ளே ரகளை செய்கிறார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் அவர்களை அடக்க வழி தேடினார். அவர் தடைத் தீர்மானம் எழுதவில்லை. பீச் பழக்கூடை இரண்டை மாடி வராந்தாவில் ஆணி அடித்து மாட்டி, 13 விதிகள் எழுதி, ஒரு பந்தைக் கொடுத்தார். அந்த வராந்தாவின் உயரம் 10 அடி. இன்றைக்கும் உலகம் முழுவதும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். முதலில் கூடையின் அடிப்பாகம் மூடியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தார்கள். ஆக, வெளியே போக முடியாத பிள்ளைகளுக்காக ஒரு பெரியவர் யோசித்துச் செய்த ஆட்டம்தான் இது. இதைப் படித்தபோது என் 2022 தீர்மானம் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நம் பக்கத்துக்கு இது வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. மூலம்தான். 1920-ல் ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தார். அங்கே படித்த டிரில் மாஸ்டர்கள் தென்னிந்தியப் பள்ளிக்கூடங்களுக்கு இந்த ஆட்டங்களைக் கொண்டுபோனார்கள். பிறகு பாங்குகளும் ரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆட்டத்தை வளர்த்தன. இந்த ஊரில் விஜயா பாங்க் டீம் இருந்தது. அந்த பாங்க்கே 2019-ல் பாங்க் ஆஃப் பரோடாவில் சேர்ந்துவிட்டது. சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தபடியே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கியவர் அனிதா பால்துரை. 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2017 ஜூலையில் இதே பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து மேல் பிரிவுக்குப் போனார்கள். இரண்டே பாயின்ட் வித்தியாசம்! நம் ஊரில் நடந்ததை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் போகவில்லை. அந்தச் சாயங்காலம் நான் டி.வி.யில் பழைய கிரிக்கெட் ஒன்றை மறுபடி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒரு கணக்கு. வளையத்தின் குறுக்களவு 18 அங்குலம், சுமார் 46 சென்டிமீட்டர். பந்து சுமார் 24. நேர் மேலிருந்து விழுந்தால் இடம் தாராளம். ஆனால் பந்து சாய்வாக வரும்போது அதன் கண்ணுக்கு வளையம் ஒடுங்கிவிடும். 45 டிகிரியில் வந்தால் வழி சுமார் 32 சென்டிமீட்டர்தான். 30 டிகிரியில் வந்தால் 23. அதாவது, பந்தைவிட வழி சின்னது. எத்தனை குறி பார்த்தாலும் வளையத்தில் இடிக்காமல் உள்ளே போகாது. "அதனாலதான் உசரமா போடணும்" என்று பேரனுக்குப் பேப்பரில் சைன் போட்டுக் காட்டினேன். அவன் வியந்து, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் தாத்தா?" என்றான். 1971-க்குப் பிறகு என் டிகிரி எனக்குப் பிரயோஜனப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆபீஸர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் முன்னணியில் இருக்கும் டீம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துமாம். 1950-ல் ஒரு ஆட்டம் 19-18 என்று முடிந்தது. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு டீமின் முதலாளி டானி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2,880 வினாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 120 தடவை கூடையை நோக்கிப் பந்து போகும். வகுத்தால் 24 வினாடி. அதற்குள் எறிய வேண்டும் என்று 1954-ல் விதி வந்தது, ஆட்டம் பிழைத்தது. ஃபைலுக்கும் அப்படி ஒரு 24 மணி நேர விதி இருந்திருந்தால் நான் இரண்டு பதவி உயர்வு அதிகம் வாங்கியிருப்பேன். அல்லது வேலையே போயிருக்கும்.

மூன்றாவது, ஆன்லைன். என் பையன் நியூஜெர்சியில் இருக்கிறான். அவன் பிள்ளையும் இவனும் சனிக்கிழமைகளில் ஒரே டீமாக ஆடுகிறார்கள். இங்கே ராத்திரி, அங்கே காலை. ஒரு நாள் இவன், "லேக் ஆறது, லேக் ஆறது" என்று கத்தினான். என்னவென்று கேட்டேன். பட்டனை அழுத்தினால் ஆள் கொஞ்சம் தாமதமாகத்தான் குதிக்கிறானாம். நெட் கம்பெனியைத் திட்டினான். நான் சொன்னேன்: "கண்ணா, திட்டாதே. கண்ணாடி இழையில் வெளிச்சம் வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். இங்கிருந்து நியூஜெர்சி நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். சென்னை, மும்பைக் கரைகளிலிருந்து கடலுக்கு அடியில் கேபிளில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போய்த் திரும்ப வினாடியில் ஏழில் ஒரு பங்காவது ஆகும். கம்பெனி எவ்வளவு பணம் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவன் உண்மையிலேயே ரொம்ப தூரத்துல இருக்கான், இல்லையா தாத்தா?" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பையன் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் நேரில் சேர்ந்து இருந்தது மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் ஒன்பது வாரம். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவர்களுக்குள் பேச என்ன இருக்கும்? வாட்ஸ்அப்பில் தீபாவளிக்கு ஒரு பொம்மைப் படம், அவ்வளவுதான். இப்போது, "அவனுக்குப் பாஸ் பண்ணுடா", "நீ ஏண்டா விட்டே" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து சண்டை போடுகிறார்கள். நாம் தாயாதிகள் திண்ணையில் போட்ட சண்டை மாதிரியே இருக்கிறது. நியூஜெர்சிப் பேரனுக்குக் கொஞ்சம் தமிழ் வருவதே இந்தச் சண்டையால்தான் என்று என் நாட்டுப்பெண் சொல்கிறாள்.

அதற்காக எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இடம் பெற்றது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அதற்கு அடையாளம் மூன்று. ஆட்டத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னால் நிற்பது. கெடுதல் தெரிந்தும் நிறுத்தாமல் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடிய பிள்ளையை உடனே நோயாளி என்று சொல்லக்கூடாது. நிஜமாகச் சந்தேகம் வந்தால் இந்த ஊர் நிம்ஹான்ஸில் 2014-லிருந்து இதற்கென்றே 'ஷட் கிளினிக்' நடக்கிறது. போக வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது பணம். விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்தினால் 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம் என்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி ஆட்டங்களைத் தனியாகப் பிரித்து ஊக்குவிக்கிறது. நம்மில் பலர் கல்யாண வீட்டில் விடிய விடிய சீட்டு ஆடியவர்கள்தான். அதில் எதிரே உட்கார்ந்திருந்தவர் அத்திம்பேர், தோற்றது பத்து ரூபாய். மொபைலில் எதிரே யார் என்றே தெரியாது, தோற்பது குடும்பத்தின் சேமிப்பு. பணப் பந்தயம் இல்லாத ஆட்டத்திலும் 'காயின்' வாங்கு, 'டிரெஸ்' வாங்கு என்று கேட்கும். எங்கள் அகத்திலேயே இன்னொரு ஆட்டத்தில் மாப்பிள்ளையின் கார்டில் ஒரு மாதம் 3,400 ரூபாய் போய்விட்டது. பிள்ளைக்கு அது நிஜப் பணம் என்றே தெரியவில்லை. பிறகு வாங்குவதற்கு ஒரு பாஸ்வேர்டு போட்டோம். அது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

அவனைக் கண்காணிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அவன்தான் என்னைக் கண்காணிக்கிறான். நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறோம் என்று பாங்க்கில் போய் நின்று நிரூபித்தவர்கள் நாம். இப்போது ஜீவன் பிரமாணை மொபைலில் முகத்தைக் காட்டியே முடித்துக் கொடுக்கிறான். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் யாரோ மிரட்டினால், "தாத்தா, வெச்சுடு, 1930-க்குப் போன் பண்ணு" என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து ஆடியதால் வந்த லாபம் இது. திட்டிக்கொண்டே இருந்திருந்தால், சந்தேகம் வந்தால் அவனிடம் போய்க் கேட்டிருப்பேனா?

சரி, கோர்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2025 பொதுக்குழுவில், என் தீர்மானத்தை ரத்து செய்ய நானே தீர்மானம் கொண்டுவந்தேன். 38 வருஷ சர்வீஸில் என் டிராஃப்டை நானே தப்பென்று எழுதியது அதுதான் முதல் தடவை. இந்த முறை கைதட்டல் இல்லை. கீழ்த்தள மாமியின் கணவர் எழுந்து, "ராத்திரி பூரா இருமிட்டு இவ தூங்கறதே மத்தியானம்தான். உங்க பேரன் ஆடணும்கறதுக்காக இவ முழிச்சிண்டு கிடக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டு, கம்பத்தையே பக்கவாட்டிலிருந்து பின்னால் ஜெனரேட்டர் ரூம் பக்கம் மாற்ற முடியுமா என்று பார்த்தோம். அங்கே யாருடைய படுக்கை அறை ஜன்னலும் இல்லை, ஒன்றைத் தவிர. தரையை மட்டப்படுத்தி, புது வளையம் மாட்ட 38,000 ரூபாய் என்றார்கள். என் பங்காகப் பத்தாயிரம் கொடுத்தேன். நேரம் சாயங்காலம் நாலரை முதல் எட்டு. 41 ஓட்டு ஆதரவு, 29 எதிர்ப்பு. அந்த ஒரு ஜன்னல்காரர் இன்னும் லிஃப்டில் என்னைப் பார்த்தால் மொபைலை எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தளத்து மாமா மட்டும் ஒரு நாள், "இப்போ தேவலை. இவ தூங்கறா" என்றார். அது போதும்.

பெட்டி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. சனிக்கிழமை நியூஜெர்சி ஆட்டம் உண்டு. மற்ற நாட்களில் அவன் கீழேதான். நான் தடுத்ததால் அல்ல, கீழே வேறு எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால்.

நானும் எறிந்து பார்த்தேன். தலைக்கு மேல் கையைத் தூக்கினால் தோள் பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டு கையாலும் கீழிருந்து மேலே, குடத்திலிருந்து தண்ணீர் வீசுவது போல் வீசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அமெரிக்காவில் இதற்கு 'கிரானி ஷாட்', அதாவது பாட்டி வீச்சு என்று பெயராம். ஆனால் ரிக் பாரி என்ற பெரிய ஆட்டக்காரர் 1980-ல் ஓய்வு பெறும் வரை ஃப்ரீ த்ரோவை இப்படித்தான் போட்டார். நூற்றுக்குச் சுமார் 90 உள்ளே விழுந்தது. அத்தனை பேர் பார்த்தும், கேலிக்குப் பயந்து மற்றவர்கள் அதைப் பின்பற்றவில்லை. நான் பத்துக்கு இரண்டு போட்டேன். கேலிக்குப் பயப்படும் வயது எனக்குப் போய்விட்டது.

பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் நாலே நாலு. உங்கள் கட்டடத்தில் பிள்ளைகள் ஆடும் நேரத்தை யார் தீர்மானித்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் வயதுக்காரர்களாகத்தான் இருக்கும். நமக்கு நேரம் நிறைய இருக்கிறது, கூட்டத்துக்கு நாம்தான் போகிறோம். இரண்டாவது, சத்தத்தால் உண்மையிலேயே அவதிப்படுகிறவர் இருந்தால் இடத்தை மாற்றப் பாருங்கள், ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். மூன்றாவது, பெட்டி வாங்கினால் இரண்டு கன்ட்ரோலராக வாங்குங்கள், அதைக் கூடத்தில் வையுங்கள், இரண்டாவதை நீங்கள் எடுங்கள். தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை. நாலாவது, பணம் வாங்கும் வழியை மட்டும் பூட்டிவிடுங்கள்.

என் மத்தியானத் தூக்கம் இப்போது மூன்றரைக்கே முடிந்துவிடுகிறது, காபியும் முன்னால் வந்துவிட்டது. நாலரைக்குப் பின்பக்கம் லேசாக 'டப், டப்' என்று கேட்கும். கேட்காத நாளில்தான் பால்கனிக்குப் போய், பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கிறேன்.

பென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் காரியதரிசி மினிட்ஸில் பதிவு செய்ய வேண்டும்.